அந்தோனியார் தூணருகே நின்றவர்

மாஸ்ரர்,

இன்று பின்னேரம் லண்டன் குரொய்டனில் மருந்துக்கடை வேலை முடிந்து, மிட்சமில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும் ட்ராமில் ஏறினேன். பெட்டியின் பின்பாதியில் வேறு யாரும் இல்லை. கதவு மூடிக்கொண்டதும் யூக்கலிப்டஸ் மிட்டாய் மணத்தது. பழைய வாசனை அல்ல. யாரோ அந்த நிமிடம்தான் தாளைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டதுபோலப் பச்சை வாசனை. என் எதிரே இருந்த இருக்கை காலியாக இருந்தது. அடுத்த தரிப்பில் குழந்தை வண்டியோடு ஏறிய ஒரு பெண் அந்த இருக்கைப் பக்கம் வந்தாள், கொஞ்சம் தயங்கினாள், "சொறி" என்று மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தள்ளிப் போய் நின்றாள். என்னிடம் சொன்னாளா என்று தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை. வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் இதை எழுதத் தொடங்கியிருக்கிறேன்.

அந்த மிட்டாய் இல்லாமல் உங்களை நான் பார்த்ததே இல்லை. எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் ஆர்கன் இருக்கும் மாடிக்கு ஹீட்டிங் ஏறாது என்பீர்கள். குளிரில் தொண்டை கட்டிக்கொள்ளும் என்று பாடகர் குழுவில் எல்லோருக்கும் ஒன்று நீட்டுவீர்கள். நாங்கள் பாடத் தொடங்கும்போது மாடி முழுவதும் ஒரு மருந்துக்கடைபோல மணக்கும்.

உங்கள் பெயரை எங்களில் ஒருவரும் சொல்லி அழைத்ததில்லை. ஜெர்மன் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை என்பது ஒரு காரணம். அதைவிட, ஆர்கன் வாசிக்கிற வெள்ளைக்காரரைக் கண்டதும் எங்கள் ஆட்களுக்கு "மாஸ்ரர்" என்றுதான் வந்தது. மாதத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம் தமிழ்ப் பூசை. ஆங்கிலப் பூசை முடிந்ததும் நீங்கள் வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. "இன்னொரு பூசை இருக்கிறதென்றால் இன்னொரு பாட்டும் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தீர்கள்.

எங்களுக்காக நீங்கள் எழுதிய முதல் பாட்டை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. "ஆண்டவர் முன் பாடு" என்ற அடியில் "பா"வுக்குக் கொஞ்சூண்டு நேரம் கொடுத்து, "டு"வை இழுத்துவிட்டிருந்தீர்கள். நாங்கள் பாடியபோது அது "ஆண்டவர் முன் படு" என்று வந்தது. பின்வரிசைக்காரர் சிரித்துச் சிரித்துக் கதிரையைப் பிடித்துக்கொண்டார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. என்ன பிழை என்று என்னிடம் கேட்டு, குறிலையும் நெடிலையும் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தீர்கள். அடுத்த மாதம் முழுப் பாட்டையும் மாற்றி எழுதிக்கொண்டு வந்தீர்கள். "உங்கள் மொழி பாதிப் பாட்டை முன்னமே எழுதி வைத்திருக்கிறது. நான் குறுக்கே நின்றுவிட்டேன்" என்றீர்கள்.

உங்கள் கதையைத் துண்டு துண்டாகத்தான் சொன்னீர்கள். வட ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர். பிறந்தது யுத்த காலத்தில். அப்பா தச்சர். நீங்கள் தொட்டிலில் இருக்கும்போதே அவரைப் போருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். திரும்பவில்லை, கடிதமும் இல்லை, இறந்தார் என்று யாரும் வந்து சொல்லவுமில்லை. இதையெல்லாம் நாளைக்கு மழை வரும் என்பதுபோலச் சொல்வீர்கள். பக்கத்துக் கோயிலில் ஆர்கனுக்குத் துருத்தி மிதிக்கப் போய், பிறகு அதை வாசிக்கப் பழகி, படித்து, ஒரு வருட வேலைக்கென்று லண்டனுக்கு வந்து ஆயுள் முழுக்கத் தங்கிவிட்டீர்கள். நோர்பரியில் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்துச் சாப்பிட்டீர்கள். ஆர்கனுக்கும் பாடகர் குழுவுக்கும் எழுதிக்கொண்டே இருந்தீர்கள். சில உங்கள் நாட்டில் அச்சாயின. மற்றவை கார்ட்போர்ட் பெட்டிகளில் கிடந்தன. அதற்காக நீங்கள் கவலைப்பட்டு நான் பார்க்கவில்லை. வாசிக்கப்படாத பாட்டு சாவதில்லை, காத்திருக்கும் என்பீர்கள்.

ஒருமுறை குழுவில் யாரோ விசில் அடித்தபோது உங்கள் முகம் சுருங்கியது. உங்கள் வீட்டில் விசில் அடிக்க அம்மா விடமாட்டாராம். ரோட்டில் யாராவது அடித்துக்கொண்டு போனால் ஜன்னலைச் சாத்திவிடுவாராம். ஏன் என்று கேட்டேன். தெரியாது என்றீர்கள். ஒழுக்கமான வீடு என்று நினைத்துக்கொண்டேனே தவிர நானும் மேலே கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் விசில் வேறு மாதிரி. மன்னாரில் அம்மாவும் அண்ணாவும் நானும் இருந்தோம். அண்ணா டவுனில் ரேடியோ திருத்துகிறவர். வேலை முடிந்து ஒழுங்கைத் திருப்பத்துக்கு வந்ததும் ஒரு விசில் அடிப்பார். அவரே உண்டாக்கியது. கொஞ்சம் ஏறும், தயங்கும், இன்னும் கொஞ்சம் ஏறி அந்தரத்தில் நின்றுவிடும். அதற்கு முடிவு அம்மாவிடம் இருந்தது. குசினிக்குள் இருந்தபடியே "வா ராசா" என்று இரண்டு இறக்கத்தில் பாடிவிட்டுத் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைப்பா. சைக்கிளை வெளியில் நிறுத்தினால் காற்றடிக்கிற பம்பைக் களவெடுத்துவிடுவார்கள் என்று, அண்ணா எங்கே போனாலும் அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார்.

ஒருநாள் வேலைக்குப் போனவர் திரும்பவில்லை. வழியில் யாரோ மறித்து ஏற்றிக்கொண்டு போனதாக ஒருவர் சொன்னார். அம்மா கேட்கக்கூடிய வாசல்களிலெல்லாம் போய் நின்றா. பிறகு என்னோடு இங்கே வந்தா. அண்ணாவுக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுப்போம் என்று பங்குச் சுவாமிமார் எத்தனை பேர் சொல்லியும் கேட்கவில்லை. இருக்கிற பிள்ளைக்கு எதற்குச் செத்தவர்களின் பூசை என்பா. அந்த விசிலை நாங்கள் இருவரும் இங்கே ஒருநாளும் வாயால் எடுத்ததில்லை. வேறு யாருக்கும் அது தெரியாது.

அந்தப் பின்னேரம் உங்களுக்கும் மறந்திருக்காது. நான் பீடத்துக்குப் பூ வைக்க வந்திருந்தேன். கோயிலில் நீங்களும் நானும் மட்டும்தான். மேலே நீங்கள் எதையோ வாசித்துக்கொண்டிருந்தீர்கள். நான் கவனிக்கவில்லை. திடீரென்று என் கை தானாக நின்றது. காது கேட்பதற்கு முன்பே உடம்பு கேட்டுவிட்டது. ஏறி, தயங்கி, இன்னும் கொஞ்சம் ஏறி நின்றது அது. மறுபடி வாசித்தீர்கள். மறுபடியும் அதே இடத்தில் நின்றது.

மாடிப்படி ஏறியது நினைவில்லை. இதை எங்கே கேட்டீர்கள் என்று நான் கேட்டபோது என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனீர்கள். சாவிகளிலிருந்து கையை எடுத்துவிட்டு, "இங்கேதான்" என்றீர்கள்.

பிறகு சொன்னீர்கள். ஆர்கன் வாசிக்கிறவர் பீடத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பதால், பூசை செய்யும் சுவாமியைப் பார்க்கத் தலைக்கு மேல் ஒரு சின்னக் கண்ணாடி வைத்திருப்பார்கள். இலையுதிர் காலம் தொடங்கி, தனியாக வாசிக்கும்போது இந்த மெட்டு கையில் வந்து சேர்ந்ததாம். அது வரும் நாட்களில் கண்ணாடிக்குள், அந்தோனியார் சுரூபத்துக்குப் பக்கத்துத் தூணருகே, ஓர் ஆண் நிற்பாராம். முகம் தெரியாது. கையில் கட்டையாக ஏதோ இருக்கும். முன்னுக்கு வரவும் மாட்டார், போகவும் மாட்டார். இது சரியான வீடுதானா என்று நிச்சயமில்லாத ஒருவர் நிற்பதுபோல நிற்பார். திரும்பிப் பார்த்தால் தூண் மட்டும்தான். "கண் டாக்டரிடம் போனேன். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார். அது எனக்குப் பிடிக்கவில்லை" என்றீர்கள்.

நான் படியில் உட்கார்ந்து அண்ணாவைப் பற்றிச் சொன்னேன். பம்பைப் பற்றியும் சொன்னேன். இந்த மெட்டுக்கு முடிவு என்ன, அதைத் தேடித் தேடி அலுத்துவிட்டேன் என்று கேட்டீர்கள். முடிவு எனக்குத் தெரியும். சொல்லவில்லை. அது அம்மாவுடையது. தமிழ்ப் பூசையில் மட்டும் இதை வாசிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். வாக்குக் கொடுத்தீர்கள்.

தவக்காலத்துத் தமிழ்ப் பூசையில் நற்கருணை நேரம் அது வந்தது. மற்றவர்கள் நற்கருணை வாங்க வரிசையில் போய்க்கொண்டிருந்தார்கள். நீங்கள் மெதுவாக எதையோ வாசித்துக்கொண்டிருந்தீர்கள். மாடியில் உங்களுக்குப் பக்கத்தில் நின்ற நான் கீழே பார்த்தேன். நற்கருணை வாங்கித் திரும்பி வந்த அம்மா நடுவழியில் நின்றுவிட்டா. பின்னால் வந்தவர்கள் முட்டிக்கொண்டார்கள். அம்மா நிமிர்ந்து மாடியைப் பார்த்தா. என்னைப் பார்க்கவில்லை. பூசை முடிந்தபின் இசைத்தாளை என்னிடம் நீட்டினீர்கள். அதில் இருந்ததைத்தான் வாசித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னீர்கள். நான் நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா நேராகக் குசினிக்குள் போனா. பின்னேரம் தேத்தண்ணி ஊற்றும்போது மேசையில் மூன்று கோப்பை வைத்தா. மூன்றாவது ஆறிப்போகும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எடுத்துக் கழுவினா. விடிந்ததும் என் அறைக் கதவில் வந்து நின்றா.

"பிள்ளை, உந்த மனிசனிட்ட என்னைக் கூட்டிக்கொண்டு போ. கோயில்ல ஆக்கள் இல்லாத நேரமாப் போவம்."

அன்று மழை. அம்மாவுக்குப் படி ஏற ஏலாது. கீழே நடுவரிசையில் உட்கார்ந்தா. நான் மேலே உங்களோடு நின்றேன். மோட்டாரைப் போட்டதும் ஆர்கன் ஒரு நீண்ட மூச்சை இழுத்தது. நீங்கள் வாசித்தீர்கள். அது போய் அந்தரத்தில் நின்றது. கீழே சத்தமில்லை. மறுபடி வாசித்தீர்கள். மறுபடி. பிறகு கீழிருந்து அம்மாவின் குரல் வந்தது. வயதான குரல் அல்ல. மன்னாரில் எங்கள் குசினிக்குள் இருந்து வந்த குரல்.

"வா ராசா."

உங்கள் விரல்கள் அந்த இரண்டு சுரத்தையும் அப்படியே பிடித்துக்கொண்டு இறங்கின. நான் கண்ணாடியைப் பார்த்தேன். பார்க்கக்கூடாது என்றுதான் இருந்தேன், ஆனாலும் பார்த்தேன். கண்ணாடிக்குள் அம்மா முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, தன்னருகே உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தா. நான் திரும்பிக் கைப்பிடிச் சுவரால் எட்டிப் பார்த்தபோது அம்மா பீடத்தைப் பார்த்தபடி நேராக இருந்தா. இடது கை மட்டும் பக்கத்து இருக்கையின் மேல், உள்ளங்கை மேலே தெரியக் கிடந்தது. நீங்களும் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். என்ன கண்டீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது, அண்ணாவுக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுப்போம் என்று அம்மா சொன்னா. ஏன் இப்போது என்று கேட்டேன்.

"வந்தவனை வாசலிலயே நிப்பாட்டி வைக்கிறதே?"

அந்தப் பூசைக்கு நீங்கள் முழுப் பாட்டையும் எழுதி முடித்து வாசித்தீர்கள். எங்கள் குழு சொல்லில்லாமல் மெட்டை மட்டும் பாடியது. இயற்றியவர் என்று உங்கள் பெயரைப் போட விடவில்லை. நான் எழுதவில்லையே என்றீர்கள். அதற்குப் பிறகு தூணருகே யாரும் வரவில்லை என்று ஒருநாள் என்னிடம் சொன்னீர்கள். வீட்டு மேலறையில் நெடுங்காலம் குடியிருந்த ஒருவர் காலி செய்துவிட்டுப் போனதுபோல இருக்கிறது என்றீர்கள். அந்தக் கோடை முழுவதும் ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. இருவரும் புட்டைச் சாப்பிட்டுக்கொண்டு ஒன்றும் பேசாமல் சந்தோஷமாக இருப்பீர்கள்.

அடுத்த மாரிக் குளிரில் உங்களுக்கு நெஞ்சுச்சளி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் பின்னேரம் பார்க்க வந்தேன். ஜன்னலில் வெயில் இருந்தது. அரைத்தூக்கத்தில் இருந்தீர்கள். கண்ணைத் திறந்து, "யார் விசில் அடிக்கிறது?" என்று ஆங்கிலத்தில் கேட்டீர்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்த நர்ஸும் இல்லையென்று தலையாட்டினா. நீங்கள் தலையணையிலிருந்து தலையைத் தூக்கி, கதவைப் பார்த்து, ஜெர்மனில் எதையோ உரக்கச் சொன்னீர்கள். குரல் உங்களுடையதல்ல. மெல்லிய குரல், சின்னப் பிள்ளையின் குரல். எனக்கு ஜெர்மன் தெரியாது. அந்த ஓசையை மறக்கக்கூடாது என்று மட்டும் தோன்றியது. வீட்டுக்கு வரும்வரை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். விடியுமுன் நீங்கள் போய்விட்டீர்கள்.

உங்கள் அடக்கத்துக்கு ஜெர்மனியிலிருந்து உங்கள் அக்கா வந்தார். தள்ளுநாற்காலியில், மகளோடு. நாங்கள் உங்கள் பாட்டைப் பாடினோம். அந்த மெட்டு ஏறிப் போய் நின்றதும் அக்காவின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று நினைத்தேன். பிறகு கோயில் ஹோலில் எல்லோரும் தேத்தண்ணியும் ரோல்ஸும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மகள் என்னைத் தேடி வந்தார். "தன் அப்பாவின் விசிலை உங்களுக்கு யார் சொல்லித் தந்தார்கள் என்று அம்மா கேட்கிறார்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அக்கா சொல்லச் சொல்ல, மகள் ஆங்கிலத்தில் சொன்னார். உங்கள் அப்பா தச்சுவேலை முடிந்து, மடக்கு அளவுகோலைக் கையில் பிடித்தபடி தெருமுனைக்கு வந்ததும் இதைத்தான் விசிலடிப்பாராம். அதே ஏற்றம், அதே தயக்கம். அவர் போருக்குப் போய்க் காணாமல் போனபின் உங்கள் அம்மா வீட்டில் விசில் சத்தமே கேட்கக்கூடாது என்றுவிட்டார். அக்காவும் அதைப் பற்றி உங்களிடம் ஒருநாளும் பேசியதில்லை. நீங்கள் அப்போது தொட்டிலில் கிடந்த குழந்தை.

நான் ஆஸ்பத்திரியில் கேட்ட ஓசையை மகளிடம் சொல்லிக் காட்டினேன். என் உச்சரிப்பு விளங்காமல் மறுபடி சொல்லச் சொன்னார். விளங்கியதும் தன் தாயிடம் சொன்னார். அக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டார். "நாங்கள் மேலே இருக்கிறோம்" என்பதுதான் அது. அப்பா தெருவிலிருந்து விசிலடித்ததும், சின்னப் பெண்ணாக இருந்த அக்கா மேல் ஜன்னலால் எட்டிக் கத்துகிற பதில். உங்களுக்கு அப்போது பேச்சே வந்திருக்கவில்லை.

மாஸ்ரர், அதற்குப் பிறகு நான் சரியாகத் தூங்கவில்லை. தூணருகே நின்றவர் யார்? கையில் இருந்தது பம்பா, அளவுகோலா? அம்மா கூப்பிட்டபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தது யாருடைய பிள்ளை? அம்மாவிடம் சொன்னால், அத்தனை வருடங்களுக்குப் பிறகு கிடைத்த மகனை நானே மறுபடி பறித்ததாகிவிடும். சொல்லாமல் இருந்தால், யாரோ ஒரு ஜெர்மன்காரர் உள்ளே வந்துவிட்டிருக்க, என் அண்ணா இன்னும் எங்கோ வெளியில் நிற்கிறார். மாதக்கணக்காக இதை வயிற்றில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

நவம்பரில் மரித்த ஆன்மாக்களின் பூசைக்குப் பெயர் கொடுக்கும் நேரம் வந்தது. அண்ணாவின் பெயரைக் கொடுக்கும்படி அம்மா சொன்னபோது என்னால் தாங்க ஏலவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தா. கத்தியை வைத்துவிட்டுக் கடைசிவரை கேட்டா. அந்தத் தச்சர் எங்கே தொலைந்தவர் என்று கேட்டா. ரஷ்யாப் பக்கம், அவர்களுக்கும் சரியாகத் தெரியாது என்றேன். குழாயைத் திறந்து கையைக் கழுவி, சேலைத் தலைப்பில் துடைத்தா. நான் அழுகைக்குக் காத்திருந்தேன்.

"நான் என்ர பிள்ளையைத்தான் கூப்பிட்டனான்" என்றா. "வாசல்ல ஆர் நிண்டதோ, அவர் உள்ளுக்கு வந்திட்டார். அதுக்கென்ன. என்ர பிள்ளை நிக்கிற வாசல்லயும் ஒரு தாய் இருப்பாள்தானே. அவளும் கூப்பிட்டிருப்பாள்."

அந்த நவம்பரில் சுவாமி மூன்று பெயர்களைச் சேர்த்து வாசித்தார். அண்ணாவுடையது, உங்கள் அப்பாவுடையது, உங்களுடையது.

அம்மாவின் அந்த நம்பிக்கை எனக்கு முழுதாக வாய்க்கவில்லை. எனக்கு வாய்த்தது வேறொன்று. எங்கள் வீட்டு அழைப்புமணி சில நாட்களில் அடிக்கும். கதவைத் திறந்தால் வெளியே ஒருவரும் இருக்கமாட்டார்கள். கவுன்சில்காரன் வந்து பார்த்தான், வயரில் பிழையில்லை என்றான். முன்பெல்லாம் நான் எரிச்சலோடு கதவைச் சாத்திவிடுவேன். அம்மா அப்படிச் செய்வதில்லை. கதவை அகலத் திறந்து, ஒரு ஆள் உள்ளே வருமளவுக்குச் சுவரோடு ஒதுங்கி, கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் மூடுவா.

இப்போது நானும் ஒதுங்கி நிற்கிறேன்.